முகப்பிலேயே எக்கோ இருக்கிறது, கீபோர்டில் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியைச் சுற்றியுள்ள கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் 26 வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். அடுத்த முகூர்த்த மாதம் வருவதற்குள் என்னைப் போல் வாசிக்கிறவர்களிடமும் மைக் செட் நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: வீட்டுக்குள் வாசிக்கும்போது எக்கோவைக் குறையுங்கள்.

போன தை மாதம் தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டு முகப்பில், அதாவது முன்கூடத்தில், வரவேற்புக் கச்சேரி. நான்காவது பாட்டில் ஆச்சி ஒருவர் எழுந்து வந்து, "ஏம்ப்பா, சத்தம் நல்லாத்தான் கேக்குது, பாட்டுல ஒரு சொல்லும் விளங்கலையே" என்றார். பாடியவர் தெளிவாகத்தான் பாடினார். கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் வாய்ஸுக்கு (வயலின் கூட்டம் போன்ற ஒலிக்கு) நான் கார்வை தரும் 'ஹால்' ரிவெர்பும், அதற்கு மேல் ஒலியை இரட்டிப்பாக்கும் கோரஸும் வைத்திருந்தேன். மிக்சரில் அவர்கள் பங்குக்கு எக்கோ ஏற்றியிருந்தார்கள். இரண்டும் போதாதென்று அந்த வீடும் ஒரு எக்கோ போட்டது. என்னுடையதை இரண்டையும் அணைத்துவிட்டு, பாடகர் மைக்கில் மட்டும் கொஞ்சம் விடச் சொன்னேன். அடுத்த பாட்டிலேயே வரிகள் கேட்டன.

நம் ஊர் முகப்பை நினைத்துப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி மாதிரி வழவழப்பு. கீழே சலவைக்கல்லோ ஆத்தங்குடிக் கல்லோ இருக்கும். உயரமான கூரை. சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூட இல்லை. அப்படி ஓர் இடத்தில் வாசித்தது போலத் தோன்றுவதற்காகத்தான் கீபோர்டில் 'ஹால்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். நிஜமான ஹாலில் உட்கார்ந்துகொண்டு அதையும் எதற்குப் போடுவது? வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், இந்தத் தொந்தரவு குறைவு. மேலே வானம் திறந்திருப்பதால் நிறைய சத்தம் வெளியே போய்விடும்.

எல்லாவற்றையும் எக்கோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சுவர்களில் பட்டுத் திரும்பும் நூற்றுக்கணக்கான எதிரொலிகள் கலந்து நிற்கும் கார்வைதான் ரிவெர்ப். வாசித்த சுரம் சற்று நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தால் அது டிலே. ரிவெர்ப் பட்டியலில் 'பிளேட்' என்று ஒன்று இருக்கும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் நிஜமாகவே ஒரு பெரிய எஃகுத் தகட்டைத் தொங்கவிட்டு, அதை அதிரவைத்துக் கார்வையை எடுத்தார்கள். 1957-ல் ஜெர்மனியில் வந்த இ.எம்.டி. 140 அப்படிப்பட்ட கருவி. அவ்வளவு பெரிய சாமான் செய்த வேலை இன்று நம் மடியில் வைக்கிற கீபோர்டில் ஒரு பட்டனுக்குள் இருக்கிறது. எனக்கு இன்னமும் அது ஆச்சரியம்தான்.

கோரஸ்தான் நம் இசையை அதிகம் கெடுக்கிறது. வாசிக்கிற ஒலியையே இன்னொரு பிரதி எடுத்து, கொஞ்சம் தாமதமாக, சுருதியைச் சற்றே அசைத்துச் சேர்ப்பது அது. எலக்ட்ரிக் பியானோவுக்கு அழகாக இருக்கும். ஆனால் நாதஸ்வர வாய்ஸை எடுத்து, சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டித் தோடி ராகத்தில் ஒரு கமகம் கொடுத்தால், நாம் அசைப்பது ஒரு பக்கம், கோரஸ் அசைப்பது இன்னொரு பக்கம். காந்தாரம் ('க' சுரம்) எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

திறந்தவெளி வேறு மாதிரி. குன்றக்குடி பங்குனி உத்திரம் போன்ற கூட்டத்தில் மேடை போட்டு வாசித்தால் சுவர் இல்லை, சுரம் வறண்டு கேட்கும். அங்கே ரிவெர்ப் தாராளமாக வேண்டும். டிலேயில்தான் கவனம் தேவை. தெருவில் 100 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மேடைக்குப் பக்கத்தில் இருப்பவர் காதுக்குக் கிட்டத்தட்ட 0.3 நொடி பிந்தித்தான் வரும். நாமும் டிலே போட்டால் தாளம் சிதறிப் போகும்.

பல கீபோர்டுகளில் சுவிட்ச் போட்டதுமே ரிவெர்ப் ஓடத் தொடங்கிவிடும். வாய்ஸை மாற்றினால் எஃபெக்ட் அளவும் கூடவே மாறுகிற மாடல்கள் உண்டு. அதனால் நான் இப்போது, கீபோர்டு அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் வீட்டுக்கு ஒன்று, மைதானத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சேமித்து வைக்கிறேன். மைக் செட் நண்பர்கள் அரை மணி நேரம் முன்னால் வந்தால், முகப்பின் நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பார்த்துவிட்டு மிக்சரில் எவ்வளவு என்று சேர்ந்து முடிவு செய்யலாம். காலி வீட்டில் கேட்பதைவிட, பட்டுச் சேலையும் ஜமுக்காளமுமாகக் கூட்டம் நிரம்பிய பிறகு கார்வை குறையும். அதனால் முதல் பாட்டு முடிந்ததும் யாராவது ஒருவர் கடைசி வரிசைக்குப் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும்.

அப்புறம், வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் சாதகம் செய்யும்போது ரிவெர்பை அணைத்து வையுங்கள். விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் வரும் இடைவெளியைக் கார்வை நிரப்பிவிடுகிறது, பிள்ளைக்குத் தன் தவறு காதில் விழுவதில்லை. என்னிடம் வரும் ஒரு பையன் முதல் நாள் அழாத குறைதான், "சவுண்டே செத்துப்போச்சு சார்" என்றான். மூன்று வாரத்தில் ச-ரி-க-ம வரிசை மூன்றாம் கால வேகத்தில் சமமாக விழுந்தது.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்,
காரைக்குடி.