பணிப்பெண்ணுக்கு உத்தரவாத அட்டையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மகளிர் பகுதியில், பணிப்பெண் வைத்துக்கொள்ள விரும்புவோருக்கான கட்டுரையை வாசித்தேன். ‘மூன்று மாதத்திற்குள் பிடிக்காவிட்டால் முகவர் இலவசமாக வேறு ஆளை மாற்றித் தருவார், கவலை வேண்டாம்’ என்று உங்கள் கட்டுரையாளர் மிகுந்த பரிவோடு ஆறுதல் கூறியிருக்கிறார். சலவை இயந்திரத்திற்கே ஓராண்டு உத்தரவாதம் தருகிறார்களே, பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று அவர் கேட்காததுதான் குறை.

என் தாயார் பக்கவாதத்தில் படுத்தபோது நானும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் பணிப்பெண்களை ஏற்பாடு செய்யும் ஒரு முகவர் அலுவலகத்திற்குச் சென்றிருக்கிறேன். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவரை எழுந்து நிற்கச் சொன்ன குமாஸ்தா, அவருடைய கையைப் பிடித்து உள்ளங்கையை என் பக்கம் திருப்பி, ‘காய்ப்பைப் பாருங்கம்மா, நல்லா உழைச்ச கை’ என்றார். அவர் கையை விடும்வரை அந்தப் பெண் எதிர்ச்சுவரில் தொங்கிய நாள்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூலி கொடுத்து வேலை வாங்குவது இழிவென்று நான் சொல்லவில்லை. ஒருவர் போனால் இன்னொருவர், கணக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கத் தொடங்கும்போதுதான் மனிதர் பண்டமாகிறார். மனிதரைப் பொருளாக நடத்தும் ஏழு விதங்களை 1995இல் வகைப்படுத்திய அமெரிக்க மெய்யியலாளர் மார்த்தா நுஸ்பாம், இதையும் அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். தாங்கள் அறியாததல்ல.

பிறர் மறந்தாலும் நாம் மறக்கலாமா? வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணி தலைக்காசு வாங்கிய காலத்தில்தான் என் பாட்டனார் இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினார். கப்பலிலிருந்து இறக்கி, நோய்த்தடுப்புக்கென்று பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் அடைத்து வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று உங்கள் வாசகர்கள்.

கட்டுரை இத்துடன் நிற்கவில்லை. பணிப்பெண்ணின் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளியே பூட்டி வைப்பது ‘பாதுகாப்பு’ என்றும் அறிவுரை தருகிறது. பிறருடைய கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டு வாசலிலிருந்து புண்களோடு மீட்கப்பட்ட இந்தோனேசியப் பணிப்பெண் மறுநாளே மருத்துவமனையில் இறந்தபோது, இதே பத்திரிகை முதல் பக்கத்தில் கண்ணீர் விட்டது. வார ஓய்வு நாளைக்கூட வேலைவாய்ப்புச் சட்டம் இவர்களுக்கு உறுதி செய்யவில்லை என்பதைப் பற்றி அன்றும் ஒரு வரி இல்லை, இன்றும் இல்லை.

தீபாவளி நெருங்கினால் உங்கள் பக்கங்களில் வரும் படங்களும் இந்த வகைதான். அரிசி மூட்டையை நீட்டும் பிரமுகருக்குப் பட்டங்களோடு முழுப்பெயர் உண்டு. வாங்கும் மூதாட்டியோ ‘வசதி குறைந்தவர்களில் ஒருவர்’. இது குறித்து முன்பே எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, மூதாட்டிகள் மட்டும் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள்.

நான் கேட்பது சிறிய உதவிதான். கடப்பிதழைப் பிடித்து வைப்பது குற்றம் என்ற திருத்தத்தை, வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். இடம் போதாதெனில் இராசிபலனில் என் இராசியை எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு