வெகுஜனப் படைப்புகளுக்கு விமர்சனம் எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிவைத்த மூன்று கட்டுரைகளையும் படித்தேன். ஒன்று ‘பொன்னியின் செல்வன்’ நாவலையும் அதன் திரைவடிவத்தையும் பற்றியது. இன்னொன்று இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெகா தொடரைப் பற்றியது. மூன்றாவது அண்மையில் வெளியான ஒரு நட்சத்திரப் படத்தைப் பற்றியது. மொழி நன்றாகக் கைவந்திருக்கிறது. கோபமும் இருக்கிறது, விமர்சகனுக்கு அது கொஞ்சம் வேண்டியதுதான். ஆனால் மூன்று கட்டுரைகளும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: மக்களின் ரசனை இப்படி இருக்கும்போது வேறு எதை எதிர்பார்ப்பது என்ற பெருமூச்சில். பதிலை உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இந்தப் பெருமூச்சு உங்களுடையது மட்டுமல்ல என்பதே. படைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கி, நாலாவது பத்திக்குள் அதை ரசித்த கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது, தமிழில் வெகுஜனக் கலைகளைப் பற்றி எழுதுகிறவர்களின் நெடுநாள் பழக்கம்.

இலக்கிய விமர்சகர் க.நா.சு.வின் பெயரை நீங்கள் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் முதல் கட்டுரையில் அவருடைய குரல் கேட்கிறது. எது இலக்கியம் என்பதைப் பட்டியல் போட்டே நிறுவ முயன்றவர் அவர். அந்தப் பட்டியல்களில் ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கிக்கு இடம் கிடையாது. அந்தக் கடுமைக்கு அன்று ஒரு நியாயம் இருந்தது. வார இதழ்களின் தொடர்கதைகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ என்ற இலக்கியச் சிறுபத்திரிகையின் ஆசிரியர் சி.சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனார். அப்படிப்பட்ட நிலையில் இருந்தவர்கள், பெருங்கூட்டம் கொண்டாடிய ஒன்றை நிதானமாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்று நாம் கேட்பது சுலபம். ஆனால் அவர்களுக்கு அவசியமாக இருந்த புறக்கணிப்பு, இன்று காரணம் மறந்துபோன சடங்காக நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. ‘இது இலக்கியமல்ல’ என்று சொன்னபின் அந்த நூலைத் திறக்கவே வேண்டியதில்லை என்பது அந்தச் சடங்கின் வசதி.

எதிர்ப்புறத்தில் வார இதழ்கள் வேறொரு வசதியைக் கண்டுபிடித்தன. ‘ஆனந்த விகடன்’ படங்களுக்கு மதிப்பெண் போட்டது. 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு அது கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்றைக்கும் பெருமையோடு நினைவுகூர்கிறவர்கள் உண்டு. அந்த அரை மதிப்பெண் எந்தக் காட்சிக்குக் கிடைத்தது, அல்லது எந்தக் காட்சியால் குறைந்தது என்று யாராவது எனக்குச் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன். நன்றாக எழுதப்பட்ட விமர்சனங்களும் விகடனில் வந்தன. ஆனால் மக்கள் நினைவில் தங்கியது எண்தான். எண்ணைப் பார்த்து வாசகர் கேட்பது ‘போகலாமா, வேண்டாமா’ என்பது. அதுவும் கூட்டத்தைப் பற்றிய கேள்விதான்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி சொன்னது, வெகுஜனக் கலையைப் பற்றித் தமிழ்ச் சூழலில் சொல்லப்பட்ட ஆழமான அவதானிப்புகளில் ஒன்று. சமூக ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல், ஏழைகள் ஏன் அவரைத் தங்களுடையவராகக் கொண்டார்கள் என்ற கேள்வியைப் படங்களின் உள்ளே போய்த் தேடியது. இவற்றைப் படிக்காமல் யாரும் தமிழ் சினிமாவைப் பற்றி எழுதக் கூடாது. ஆயினும் இந்த வழியில் பின்னால் வந்த பலரிடம், படம் என்பது சமூகத்தைப் படிக்க உதவும் ஓர் ஆவணமாகச் சுருங்கிவிட்டது. பாட்டு ஏன் அந்த இடத்தில் வந்தது, வந்ததால் காட்சிக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விகள் அவர்களுக்குச் சில்லறையாகத் தெரிகின்றன.

அந்தச் சில்லறைதான் விமர்சகனின் சம்பளம் என்பது என் கட்சி. உங்கள் முதல் கட்டுரையின் பொருளையே எடுத்துக்கொண்டு, நான் சொல்ல வருவதைச் செய்து காட்ட முயல்கிறேன்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. மணியத்தின் ஓவியங்களோடு பக்கங்களைக் கிழித்தெடுத்து, பின்பக்கத்து விளம்பரங்களும் துணுக்குகளும் சேர்ந்தே வர, வீடுகளில் பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். பிறகு ‘எளிய விறுவிறுப்பு’ என்ற இரண்டு சொற்களில் நாவலை முடித்துவிடுகிறீர்கள். அந்த விறுவிறுப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்போம். ஆடிப்பெருக்கு நாளில் கதாநாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறான். பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு ஒரு மூடுபல்லக்கு போகிறது. அதில் இருப்பவள் பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி என்று வைணவனான ஆழ்வார்க்கடியான் நம்புகிறான். அவளிடம் ஓர் ஓலையைச் சேர்ப்பிக்க முடியுமா என்று வந்தியத்தேவனைக் கேட்கிறான். ஆகவே நாமும் நம்புகிறோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் அதே பல்லக்கின் திரை விலகும்போது வெளியே வருபவர் சோழ இளவரசர் மதுராந்தகர். இது ஒரு நல்ல திருப்பம்; யாரும் செய்யக்கூடியதும்கூட. கல்கியின் கை தெரிவது அதற்குப் பிறகுதான். தஞ்சைக்குப் போகும் வழியில் வந்தியத்தேவன் மறுபடியும் அந்த மூடுபல்லக்கைப் பார்க்கிறான். இப்போது அவனுக்கு ரகசியம் தெரியும், நமக்கும் தெரியும். உள்ளே இருப்பது மதுராந்தகர்தான் என்ற நிச்சயத்தோடு, பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டி, வேண்டுமென்றே குதிரையைப் பல்லக்கின் மேல் மோதவிட்டு, பல்லக்குத் தூக்கிகள்தான் வந்து மோதினார்கள் என்று கூச்சலிடுகிறான். திரை விலகுகிறது, உள்ளே நந்தினி. முதல் முறை நம்மை ஏமாற்றியது நம் அறியாமை, இரண்டாம் முறை நம் அறிவு. ஒரே பொருளை வைத்து வாசகரை இரண்டு எதிர்த்திசைகளில் சறுக்கவிட்டதோடு, கதையின் மிக முக்கியமான பெண்ணை இவ்வளவு நேரம் காத்திருக்கவைத்து அறிமுகம் செய்ததும் அதே வீச்சில் நடந்துவிடுகிறது. இதற்கு ‘எளிய’ என்ற அடைமொழி பொருந்துமா என்று யோசித்துப் பாருங்கள்.

நெருங்கிப் பார்த்தால் குறைகளும் நெருக்கமாகத்தான் தெரியும். அந்த நாவலில் யாராவது எப்போதும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மதுராந்தகரை அரியணை ஏற்றக் கடம்பூரில் நடக்கும் சதியாலோசனையையே இரண்டு பேர் ஒட்டுக்கேட்கிறார்கள்: மேலிருந்து வந்தியத்தேவன், மதிலுக்கு மேல் தலை தெரிய ஆழ்வார்க்கடியான். புத்தகமாகத் தொடர்ந்து படிக்கும்போது இது சலிப்பூட்டுகிறது, சில இடங்களில் சிரிப்பு வருகிறது. ஆனால் வார இதழில் இதற்கொரு வேலை இருந்தது. நடுவில் இரண்டு இதழ்களைத் தவறவிட்ட வாசகருக்கு, பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப்போல முன்கதையை மீண்டும் சொல்லியாக வேண்டும். மறைந்து நின்று கேட்பவர் உண்மையில் அந்த வாசகரின் இடத்தில்தான் நிற்கிறார். குறை குறைதான்; எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு சொல்லும்போது அதைப் பற்றிப் பேச இன்னும் கொஞ்சம் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. ஏரிக்கரையில் பார்த்த வந்தியத்தேவனுக்கும் கடைசிப் பாகத்து வந்தியத்தேவனுக்கும் மனத்தளவில் அதிக வித்தியாசம் இல்லை. இத்தனை மரணங்களுக்கு நடுவே நடந்துபோன ஒருவன் மேல் கீறல் விழவில்லை. கதை முடிந்தபின் பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்கு முடிவுரையில் கல்கி பொறுமையாகப் பதில் சொல்கிறார். நடந்தது அவர்களை என்ன செய்தது என்ற கேள்வி நாவலுக்குள்ளேயே அவ்வளவாக எழவில்லை.

மணிரத்னத்தின் படம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்தபோது, உங்கள் கட்டுரை உட்படப் பெரும்பாலான விமர்சனங்கள் நாவலில் இருந்து எவையெல்லாம் விடுபட்டன என்று கணக்கெடுத்தன. படம் ஏரிக்கரையில் தொடங்காமல் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்கியது, மதுராந்தகனும் சேந்தன் அமுதனும் குழந்தையிலேயே மாறிப்போன பிறப்பு ரகசியம் கைவிடப்பட்டது என்பவை சரியான தகவல்கள். விடுபட்டது ஏன் என்பதில்தான் விமர்சனம் தொடங்குகிறது. குழந்தை மாறிய ரகசியத்தை வாரக்கணக்கில் ஊறப்போட்டால் வாசகர் ஊகிப்பார், திண்ணையில் விவாதிப்பார், அடுத்த இதழுக்குக் காத்திருப்பார். இருட்டில் தொடர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது இன்னொரு தகவலாகக் கடந்துபோகும். ஆகவே படம் ஊகத்தைக் கைவிட்டு, கரிகாலன்–நந்தினி உறவின் காயத்தைத் தன் மையமாக எடுத்துக்கொண்டது. கல்கியிடம் இல்லாத கனம் அதனால் கரிகாலனுக்கு வந்தது. கல்கியின் விளையாட்டுத்தனம் பெருமளவு போயிற்று. இது லாபமா நஷ்டமா என்பதில் நாம் சண்டை போடலாம். என் ஓட்டு நஷ்டத்துக்கு.

மெகா தொடரைப் பற்றிய உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ஓர் அறை விழுந்ததும் அதே காட்சி மூன்று முறை வருகிறது, சுற்றி நிற்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக இடிச்சத்தத்தோடு காட்டப்படுகின்றன என்று கேலி செய்திருக்கிறீர்கள். கேலி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தொடர் ஓடும் நேரத்தில் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். பார்ப்பவர்களில் பாதிப் பேர் பார்ப்பதில்லை. தோசை வார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் அறை விழுந்து முடிந்திருக்கும்; மூன்றாவது முறையாவது கண்ணில் பட வேண்டும் அல்லவா? தொடர்களில் எல்லோரும் மனத்தில் உள்ளதை வாய்விட்டுச் சொல்வதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். வானொலி நாடகத்தின் சட்டங்கள் படத்தோடு வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது இந்த வடிவம்.

இந்த வடிவத்துக்குள்ளும் தேர்ச்சி உண்டு. 2002இல் தொடங்கி 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’யை 2020 ஊரடங்கின்போது சன் தொலைக்காட்சி மறுஒளிபரப்புச் செய்தது. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனார், அந்தப் பெண்கள் வாழ்க்கைப்பட்டுப் போகும் வீடுகள் என்ற எளிய அமைப்பு அது. மகளைப் பார்க்கப் போகும் தகப்பன் சம்பந்தி வீட்டில் எங்கே உட்காருகிறார், யார் வந்து தண்ணீர் கொடுக்கிறார்கள், எப்போது எழுந்து கிளம்புகிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு வந்தாலே அந்தக் குடும்பத்தில் அந்த மகளின் நிலை தெரிந்துவிடும். ‘அழுகாச்சித் தொடர்’ என்ற ஒற்றை வசையால் இதைக் கடந்துபோன நாம், இத்தனை ஆண்டுகளில் தொலைக்காட்சித் தொடருக்கென்று உருப்படியான ஒரு விமர்சன மொழியை உருவாக்கவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கிட்டு வாராவாரம் வரும் டி.ஆர்.பி. பட்டியல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

நட்சத்திரப் படத்தைப் பற்றிய கட்டுரையில் நான் சொல்ல அதிகம் இல்லை. படம் மோசம், நீங்களும் அப்படியே சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும். 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், முதல் காட்சி முடிந்து வருபவர்களிடம் மைக்கை நீட்டும் யூடியூப் சேனல்களைத் திரையரங்க வளாகத்துக்குள் விட வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டபோது, விமர்சனச் சுதந்திரம் பறிபோவதாகப் பலர் கொதித்தார்கள். படத்தின் குற்றத்தைப் பார்வையாளர் வாயின் மேல் போடும் அந்தக் கோரிக்கையை நானும் ஏற்கவில்லை. ஆனால் வாசலில் நீட்டப்படும் அந்த மைக்கை விமர்சனத்தின் சின்னமாக ஏற்கவும் எனக்கு மனம் வரவில்லை. அங்கேயும் பேட்டி எடுக்கப்படுவது கூட்டம்தான்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நாம் வெகுஜன எழுத்தின் உருவமாகக் கருதும் கல்கியே, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் கச்சேரிகளையும் நடனங்களையும் விமர்சித்தவர். சபாவுக்குப் போகாத வாசகரும் மேடையில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளும்படி எழுதினார். வித்வானைக் கிண்டல் செய்தார், ரசிகரையும் செய்தார். ஆனால் பாட்டைக் கேட்டுவிட்டுச் செய்தார்.

மெகா தொடர்க் கட்டுரையை மட்டும் திருப்பி எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தொடர் முழுவதும் வேண்டாம். ஒரே ஒரு நாளின் பகுதியை எடுத்துக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து ‘தொடரும்’ வரை ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் தேடிப் பாருங்கள். ஒருமுறை திரையைப் பார்த்து, ஒருமுறை அடுத்த அறையிலிருந்து கேட்டு. பார்ப்பவர்களைப் பற்றிய கடைசி இரண்டு பத்திகளை எடுத்துவிட்டு அனுப்புங்கள். அந்தத் தொடரை நானும் பார்ப்பதில்லை என்பதால், நீங்கள் எழுதுவதைத்தான் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்