ஆண்டறிக்கை: சிவப்பு அட்டையோடு காவல் நின்றவர்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், கோயில் வளாகத் துப்புரவு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது, ஜூலை 31, மலேசிய வீரர் நாளன்று நாம் நடத்திய நிகழ்ச்சியைப் பற்றி. மலாயாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க அரசு அறிவித்த அவசரகாலம் 1960-இல் முடிவுக்கு வந்ததும் அதே தேதியில்தான்.

அந்த அவசரகாலத்துக்கு வித்திட்டது நம் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்புறம் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. பகலெல்லாம் ரப்பர் பால் வெட்டிவிட்டு, இரவில் ஹோம் கார்டு என்ற ஊர்க்காவல் படையினராக வேலியோரம் நின்றவர்கள் நம் ஆட்களிலும் உண்டு. விடிந்தால் மறுபடி பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும்.

நிகழ்ச்சியில் இளைஞர் பிரிவுத் தம்பி ஒருவர் கனடாச் சீனர்களைப் பற்றிப் பேசினார். 1923-இல் கனடா சட்டம் போட்டுச் சீனர் குடியேற்றத்தை அடைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்த மண்ணிலேயே பிறந்த சீனருக்கும் ஓட்டு இல்லை. அப்படியிருந்தும் இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்தார்கள். ஏறக்குறைய 150 பேரை ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் இரகசியப் படைக்கு எடுத்தார்கள். அவர்களில் சிலர் 1945-இல் நம் மலாயாக் காட்டிலேயே பாராசூட்டில் இறங்கினார்கள். 1947-இல் அந்தச் சட்டம் நீங்கியது, ஓட்டும் கிடைத்தது.

தம்பி பேசி முடித்ததும் உறுப்பினர் ஒருவர் முன்னால் வந்து, மைலோ டின்னைத் திறந்து, அப்பாவின் சிவப்பு அடையாள அட்டையை மேசையில் வைத்தார். குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்களுக்குத் தரும் அட்டை அது. பிளாஸ்டிக் உறை மஞ்சளித்து, படத்தில் முகம் பாதி மங்கியிருந்தது. கட்டைவிரல் ரேகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. “அப்பா ஹோம் கார்டில் இருந்தவருங்க. குடியுரிமைக்கு மூன்று தடவை மனுப் போட்டார். மலாய்த் தேர்வில் உட்கார்ந்தாலே நாக்குக் குழறிடும். சிவப்பு ஐசியோடயே போயிட்டார்” என்றார். பின்வரிசையிலிருந்த பாட்டி ஒருவர் மெல்ல எழுந்து வந்து, அந்தப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காவலுக்கு நிற்கச் சொன்னபோது அவர் எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்கவில்லை. உரிமை கேட்டு நின்றபோதுதான் கேட்டார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றே செயற்குழு கூடி இரண்டு முடிவுகள் எடுத்தது. நம் தோட்டங்களில் காவல் நின்றவர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிச் சங்க அறையில் வைப்பது ஒன்று. இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் நம் பெரியவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்து, அலுவலகத்துக்குக் கூடவே போய்வருவது இன்னொன்று.

வீட்டுப் பெட்டியில் பழைய அட்டை, படம், எது இருந்தாலும் ஞாயிறு காலை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். உங்கள் முன்னாலேயே நகல் எடுத்துக் கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்