நிலம்வரை ஒரு கயிறு வேண்டும்: முதியோர் இல்ல நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சபையினருக்கு,

வணக்கம். போன புதன் இரவு நடந்ததை அறிவீர்கள். என் பெரியம்மா கட்டிலடியில் விழுந்து, விடியும்வரை சீமெந்து நிலத்தில் கிடந்தார். எலும்பு முறியவில்லை என்று சொல்லி விடயத்தை முடித்துவிட்டீர்கள்.

உதவிக்கு அழைக்கவென நீங்கள் பூட்டிய தொடுதிரை தலைமாட்டுச் சுவரில் இரவு முழுக்க ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. நிலத்தில் கிடப்பவருக்கு அது எப்படி எட்டும்? விழமுன்னமே, தலை சுற்றியபோது, அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். 82 வயது விரல். தோல் உலர்ந்துவிட்டது, நடுக்கமும் உண்டு. அப்படியான விரலைத் தொடுதிரை பல வேளை உணர்வதில்லை. பெரிய பொத்தானென்றால் உள்ளங்கையாலாவது அமத்தியிருப்பார். அழைப்புப் போனதென்று திரை எழுப்பும் கீச்சொலியும் அவருக்குக் கேட்பதில்லை. வயது போகப்போக மெல்லிய உச்ச ஒலிகள்தான் முதலில் மறையும். பக்கத்துக் கோயில் மணி இன்றைக்கும் அவருக்குக் கேட்கிறது.

“நான்தான் பிழையா அமத்திப்போட்டன் போல, பிள்ளை” என்றார். 31 வருடம் சின்னப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், ஆங்கிலத்தில் மின்னும் ஒரு திரைக்கு முன்னால் தன்னையே குற்றம் சொல்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கட்டிலடியிலும் குளியலறையிலும் நிலம்வரை தொங்கும் ஒரு கயிறு வேண்டும். இழுத்தால் கடமையறையில் கனத்த மணி அடிக்க வேண்டும், கரண்ட் போனாலும் பற்றரியில். இவ்வளவுதான்.

திரை வாங்கியது வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசில், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் வாங்கமுன் அங்கே படுத்திருப்பவர்களில் ஒருவரையாவது கேட்டீர்களா? வங்கி, ஆசுப்பத்திரி, எங்கே போனாலும் இப்போது முதியவருக்குப் பக்கத்தில் ஒரு இளையவர் நிற்க வேண்டியிருக்கிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உரிமை என்பது சோறும் கட்டிலும் மட்டுமா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். மற்ற அறைகளில் திரை பூட்டமுன் தயவுசெய்து அந்தக் கயிற்றைப் போடுங்கள். ஞாயிறு பின்னேரம் நான் பெரியம்மாவோடு விறாந்தையில் இருப்பேன். உங்களில் ஒருவர் வந்தால், எந்த இடத்தில் தொங்கினால் கைக்கு எட்டும் என்று அவரே காட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு பெறாமகள்,
உப்புவெளி, திருகோணமலை