ஆற்று நீச்சலை நம்பிக் கடலில் இறங்குகிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும் நெருங்குகின்றன. அவை முடிந்த கையோடு ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறிவிடும். கொள்ளிட முகத்துவாரம் முதல் கோடியக்கரை வரை உள்ள நம் கடற்கரைக்கு, உள்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து மக்கள் வந்து சேரும் காலம் இது. தர்ப்பணம் கொடுத்தவர்களும், மொட்டை போட்டுக்கொண்டவர்களும், பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக இறங்குபவர்களும் ஒரே கடலில்தான் குளிக்கிறார்கள். அந்தக் கடல் ஆளை எப்படி இழுக்கும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல கரையில் யாரும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு ஆடி அமாவாசை அன்று பூம்புகாரில் என் அக்கா மகன் இழுபட்டான். காவிரியிலேயே நீச்சல் கற்றவன். எங்கள் ஊர்ப் படித்துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் போய் மூச்சு வாங்காமல் திரும்பி வருபவன். அன்று நல்ல வெயில், காற்றும் பெரிதாக இல்லை. இருபுறமும் அலைகள் வெள்ளையாக மடிந்து விழ, நடுவே முப்பது அடி அகலத்துக்கு மட்டும் அலையே இல்லாமல், கலங்கிய மண் நிறத்தில் நீர் அமைதியாகக் கிடந்தது. அலை அடிக்காத இடமாயிற்றே என்று நாங்களே கைகாட்டி அவனை அங்கே இறங்கச் சொன்னோம். இடுப்பளவு நீரில் நின்றவன், நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் கழுத்தளவுக்குப் போயிருந்தான். அவன் கரையை நோக்கிக் கைபோடக் கைபோட, அவனுடைய தலை சிறியதாகிக்கொண்டே போயிற்று. கட்டிய புடவையோடு கடலில் இறங்கப்போன என் அக்காவை, அருகில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பிடித்து மணலில் உட்காரவைத்தார். பிறகு நீரின் ஓரம் வரை ஓடி, "தம்பி, கரையப் பாக்காத! வடக்கால வா, வடக்கால வா!" என்று கையை வீசி வீசிக் கத்தினார். அவன் திரும்பி வடக்கே நீந்தத் தொடங்கியதும், எங்களை இழுத்துக்கொண்டு அவரும் கரையோடு வடக்கே நடந்தார். சற்றுத் தூரம் போனதும் அலைகளே அவனை முன்னே தள்ளின. வலை மிதவைகள் நான்கைந்தைச் சேர்த்துக் கயிற்றில் கட்டி அவர் வீசியதை அவன் பிடித்துக்கொண்டான். அவன் கரையேறிய பின்னும் வெகுநேரம் அந்தக் கயிற்றை விடவில்லை.

அந்த மீனவர் அன்று விளக்கியதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கரைக்குச் சற்று உள்ளே, கடலடியில் மணல் வரப்புபோல் மேடிட்டுக் கிடக்கிறது. அலை அதன்மேல் ஏறித்தான் உடைகிறது. உடைந்த அலைகள் கரைப்பக்கம் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். வரப்பில் எங்கே உடைப்பு இருக்கிறதோ, அங்கே வயலின் மடையைத் திறந்துவிட்டாற்போல அத்தனை நீரும் ஒன்றுகூடிப் பாய்கிறது. அந்த இடம் ஆழமானது. ஆகவே அங்கே அலை உடைவதில்லை. ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு அது பாதுகாப்பான இடமாகத் தெரிகிறது. ஆபத்தே இதில்தான் இருக்கிறது. அந்த ஓட்டம் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போனாலே சாதாரணமாக நீந்துபவரால் அதை எதிர்த்து வர முடியாது. 2 மீட்டருக்கும் மேல் போவதுண்டு, அப்போது ஒலிம்பிக் வீரரும் தோற்றுவிடுவார். ஆனால், பலர் நம்புவதுபோல அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் அதன் வேகம் தணிந்துவிடும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவதால்தான் பலர் மூழ்குகிறார்கள்.

கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும், ஆறு கடலில் சேரும் முகத்துவாரங்களிலும் இந்த இழுப்பு மிகுதி. நம் கடற்கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. மணல் வரப்பு இடம் மாறிக்கொண்டே இருப்பதால், போன மாதம் குளித்த இடம்தானே என்றும் இறங்கிவிட முடியாது. கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணைப் பக்கத்து அமைதியான கடலில் பழகியவர்கள் வேளாங்கண்ணிக்கு வந்து ஏமாந்துபோவதும் இதனால்தான்.

நம் டெல்டா மக்களுக்கு ஓடும் நீர் புதிதல்ல. காவிரியைக் கடப்பவர் யாரும் வெள்ளத்தை எதிர்த்து நீந்துவதில்லை. போக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சாய்வாகப் போய்த் தாழ்ந்த இடத்தில் கரையேறுவார். கடலிலும் அதையேதான் செய்ய வேண்டும்: ஓட்டத்தோடு சண்டையிடாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகி, அதன் பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். ஆடியில் நம் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கியும், மார்கழி, தை மாதங்களில் தெற்கு நோக்கியும் போகும் என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். இருபது மைல் உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியவில்லை.

நான் பார்த்த எச்சரிக்கைப் பலகைகளில் "ஆபத்தான பகுதி, குளிக்காதீர்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. நீராடுவதற்கென்றே வருபவரை அந்த ஒரு வரி தடுத்து நிறுத்தாது. வானம் தெளிவாக இருப்பதும் ஒரு பாதுகாப்பல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த அலைகள் காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தபோது, ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. எச்சரிக்கை இருந்தும், நீரில் இறங்கியவர்களை அது காக்கவில்லை.

ஆகவே, கடலோர மாவட்ட நிர்வாகங்களிடம் சில வேண்டுகோள்கள். அந்த மையத்தின் அன்றாட அறிவிப்பைப் பார்த்து, இறங்கக்கூடாத நாளில் சிவப்புக் கொடியும், மற்ற நாள்களில் குளிக்கத் தக்க இடத்தின் இரு எல்லையிலும் சிவப்பு-மஞ்சள் கொடியும் நட வேண்டும். பலகையில், அலையில்லாத அந்தக் கலங்கல் பாதையைப் படமாக வரைந்து காட்ட வேண்டும். அதன் கீழே ஆம்புலன்சுக்கான 108, கடலோரப் பாதுகாப்புக் காவல் உதவிக்கான 1093 ஆகிய எண்களையும் பெரிதாக எழுத வேண்டும். காப்பாற்றக் குதிப்பவரே சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடப்பதால், நூறு அடிக் கயிறும் காற்றடைத்த டியூபும் மாட்டிய கம்பம் ஒன்று ஒவ்வொரு நீராடும் துறையிலும் வேண்டும். கோவா கடற்கரைகளில் 2008 முதல் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கிறார்கள். நமக்கு ஆண்டு முழுவதும் இல்லாவிட்டாலும், அமாவாசை, மாசி மகம், வேளாங்கண்ணித் திருவிழா நாள்களிலாவது மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சியும் நாள்கூலியும் கொடுத்து நிறுத்த முடியும். எங்கள் பிள்ளையைக் கரைசேர்த்தவரிடம் அன்று இதைச் சொன்னேன். தம் தெருவில் இருபது பேர் வரத் தயார் என்றும், ஒரு விசில் கொடுத்தால்கூடப் போதும் என்றும் அவர் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்.