மஞ்ச வயர்ல பேட்டரியை மாட்டாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு சின்ன டிப்ஸ் வந்திருந்துச்சு, கரண்ட் இல்லாதப்ப எஸ்எம்பிஎஸ்ஸோட, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் சப்ளை குடுக்குற பெட்டியோட, மஞ்ச வயர்லயும் கருப்பு வயர்லயும் 12 வோல்ட் பேட்டரியை மாட்டினா சிஸ்டம் ஓடும்னு. அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல. ரெண்டு காலேஜ் பசங்க அந்தத் துண்ட கிழிச்சு எடுத்துக்கிட்டு என் சர்வீஸ் கடைக்கே வந்துட்டாங்க, "அண்ணே இது சரியா வருமா"ன்னு. அவங்களாவது கேட்டாங்க, கேக்காம மாட்டுறவங்க எத்தன பேர் இருப்பாங்களோ.

பேட்டரில கம்ப்யூட்டர் ஓட்டக்கூடாதுன்னு நான் சொல்ல வரல, நானே ஓட்டியிருக்கேன். 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சே, எங்க பட்டுக்கோட்டை பக்கம் தென்னையும் கரண்ட் கம்பமும் ஒண்ணா சாஞ்சு கெடந்துச்சு, கிராமத்துல வாரக்கணக்குல கரண்ட் கிடையாது. ஜனங்க மனு டைப் பண்ணணும், ஆதார் பிரிண்ட் எடுக்கணும்னு கடை வாசல்ல வந்து நிக்குறாங்க. எங்கிட்ட இருந்தது ஒரு டிராக்டர் பேட்டரியும் ஒரு சின்ன இன்வெர்ட்டரும்தான். மொதல்ல இன்வெர்ட்டர்லதான் ஓட்டினேன், நாலு மணி நேரம்கூட தாங்கல.

ஏன்னு யோசிச்சா காரணம் ரொம்ப சிம்பிள். பேட்டரில இருக்குறது 12 வோல்ட் டிசி, அதாவது ஒரே பக்கமா ஓடுற கரண்ட். அத இன்வெர்ட்டர் வீட்டுக்கு வர்ற கரண்ட் மாதிரி 230 வோல்ட் ஏசியாக்குது, அத எஸ்எம்பிஎஸ் உள்ள வாங்கி கிட்டத்தட்ட 325 வோல்ட் டிசியாக்குது, அப்புறம் திரும்பவும் 12, 5, 3.3னு எறக்கிக் குடுக்குது. மூக்கைத் தலையைச் சுத்தித் தொடுற கதை. ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் கொஞ்சம் சூடா போயிடுது, இருக்குற பேட்டரில பாதிக்குக் கிட்ட மதர்போர்டுக்கே, அதாவது கம்ப்யூட்டரோட மெயின் போர்டுக்கே, போய்ச் சேராம வீணாப் போகுது.

அதனால பழைய எஸ்எம்பிஎஸ் ஒண்ண பிரிச்சு மாத்தினேன். அதுல சப்ளைய கட்டுப்படுத்துற சிப் டிஎல்494 ஐசி, அது 7 வோல்ட்லயே வேல செய்யும், அதனால பேட்டரில இருந்தே நேரா குடுத்தாச்சு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர வெந்நீர்ல போட்டு பசைய எளக்கி, உள்ள இருக்குற ஃபெரைட் கோர, அதாவது காந்தக் கட்டைய, ஒடையாம எடுத்து, மெயின்ஸ் பக்கத்து வைண்டிங்க, அதாவது சுத்தியிருந்த கம்பிய, உருவினேன். அது 40 சுத்து, அதுக்கு வர்றது சுமார் 155 வோல்ட், அப்ப ஒரு சுத்துக்கு நாலு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி, 12 வோல்ட்டுக்கு மூணே சுத்து போதும். நடுவுல ஒரு இணைப்பு எடுத்து அதுக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு சுத்து தடிமனான கம்பில சுத்தி, 13007 டிரான்சிஸ்டர் ரெண்டையும் கழட்டிட்டு கம்மி வோல்ட்ல நெறய ஆம்பியர் தாங்குற ஐஆர்எஃப்இசட்44 மாஸ்ஃபெட் ரெண்டு போட்டேன். ஊதா வயருக்கு, அதாவது சிஸ்டம் ஆஃப்ல இருக்கும்போதும் வர்ற ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டுக்கு, 5 வோல்ட்டா எறக்கிக் குடுக்குற 7805 ஐசி ஒண்ணு, சூட்ட எடுக்குற ஹீட் சிங்க்கோட. அந்த ஊதா இல்லேன்னா மதர்போர்டு பவர் பட்டனையே கண்டுக்காது. பிரிண்டருக்கு மட்டும் பழைய இன்வெர்ட்டரையே வச்சுக்கிட்டேன். அதே பேட்டரில அஞ்சரை மணி நேரம் ஓடுச்சு, டிராக்டர் ஓடி சார்ஜ் ஏறினதும் திரும்ப மாட்டுவோம்.

இப்ப உங்க டிப்ஸுக்கு வர்றேன். மஞ்ச வயர் 12 வோல்ட் மட்டும்தான். செவப்பு 5, ஆரஞ்சு 3.3, இதெல்லாம் யார் குடுப்பா? பச்ச வயர் கருப்போட சேந்தாத்தான் சப்ளை ஆன் ஆகும், எல்லா வோல்ட்டும் சரியா வந்துச்சுன்னு சாம்பக்கலர் வயர் சொன்னாத்தான் மதர்போர்டு கெளம்பும். இதெல்லாம் இல்லாம சிஸ்டம் ஓடவே ஓடாது, ஆனா ஹார்ட் டிஸ்க் மட்டும் அந்த மஞ்ச வயர்ல மாட்டிக்கிட்டு நிக்கும். 12 வோல்ட் லைனுக்கு அஞ்சு பர்சென்ட்தான் மேலகீழ அனுமதி, அதாவது 11.4ல இருந்து 12.6 வரைக்கும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வரைக்கும் போகும், தீரும்போது 11க்குக் கீழ வந்துடும். டிஸ்க்ல இருக்குற கல்யாண ஃபோட்டோவும் கடைக் கணக்கும் என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

அதவிட பயங்கரம், அந்த டிப்ஸ்ல ஃபியூஸ்னு ஒரு வார்த்தகூட இல்ல. 120 வாட் சிஸ்டம் 230 வோல்ட்ல அரை ஆம்பியர்தான் இழுக்கும், அதே 12 வோல்ட்ல 10 ஆம்பியருக்கு மேல. பேட்டரி ஷார்ட் ஆச்சுன்னா நூத்துக்கணக்குல ஆம்பியர் பாயும், மெல்லிசு வயர் செவந்து எரிஞ்சு பக்கத்துல இருக்குறதையும் பத்த வச்சுடும். பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு ஜாணுக்குள்ள ஃபியூஸ் இருந்தே ஆகணும், வயரும் 4 ஸ்கொயர் எம்எம் வேணும்.

எஸ்எம்பிஎஸ்ல கைய வைக்கச் சொல்லி எழுதுறவங்க உள்ள கரண்ட தேக்கி வைக்குற கபாசிட்டரப் பத்தி எழுதாம விடலாமா? பிளக்க உருவினப்புறமும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். என் தங்கச்சி பையன் ஒருநாள் "மாமா, பிளக்கு கழட்டித்தான் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே கைய வச்சான், தூக்கி அடிச்சதுல செவுத்துல மோதி மண்ட வீங்கிப் போச்சு. பொழச்சது புண்ணியம், அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு தூக்கமில்ல. குண்டு பல்ப வச்சு சார்ஜ எறக்கி, மீட்டர்ல பாத்துட்டுத்தான் கைய வைக்கணும்.

இவ்வளவு பாடு பட முடியாதவங்களுக்கு பேட்டரில இருந்து நேரா இந்த வோல்ட் எல்லாம் குடுக்குற டிசி ஏடிஎக்ஸ் போர்டுன்னு ரெடிமேடா கெடைக்குது, மதர்போர்டோட 24 பின் சாக்கெட்ல மாட்டிக்கலாம். வாங்கும்போது சுத்தமா 12 வோல்ட் கேக்குற போர்டா, இல்ல 6ல இருந்து 30 வோல்ட் வரைக்கும் தாங்குற போர்டான்னு கேட்டு வாங்கணும், பேட்டரிக்கு ரெண்டாவதுதான் சரி.

ஐயா, தயவுசெஞ்சு அந்த டிப்ஸ் தப்புன்னு அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடுங்க. மூலைல பொடி எழுத்துல போட்டா அத கிழிச்சு பாக்கெட்ல வச்சிருக்குற பசங்க கண்ணுல படாது. சர்க்யூட் படம் வேணும்னா நானே வரைஞ்சு அனுப்புறேன், காசு எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
பட்டுக்கோட்டை