இருபது புளோக்கும் ஒரே அளவில் வந்ததற்கு நன்றி

அன்புள்ள அக்காமார், ஆண்ட்டிமார், தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். இந்த மாதக் கூட்டுத்தையலுக்குக் கேட்டிருந்த ரம்பப்பல் நட்சத்திரப் புளோக் இருபதும் கைக்கு வந்துவிட்டன. (புளோக் என்றதும் எத்தனையாவது மாடி என்று விசாரித்த அங்கிளுக்கும் வணக்கம். இது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் இல்லை, ஒட்டுப்போர்வையின் ஒரு சதுரம்; நடுச்சதுரத்தைச் சுற்றி எட்டு முனை கொண்ட நட்சத்திரம்.) சமூக மன்ற மேசையில் நான்குக்கு ஐந்தாகப் பரப்பி அளந்து பார்த்தோம். எல்லாமே 12½ அங்குலம். சேர்த்துத் தைத்தால் ஒவ்வொன்றும் 12, போர்வை 48-க்கு 60. போன மாதம் நிலைமை வேறு என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் நன்றி தையல்கடை அக்காவுக்குத்தான். கால் அங்குலம் விட்டுத் தை என்றால், மிஷின் பாதத்தின் ஓரத்தைக் குறியாக வைத்து ஓட்டிவிடுகிறோம். பல மிஷின்களில் அந்த ஓரம் கால் அங்குலத்தைவிட அகலம். வீசம் (1/16) அங்குலம்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் ஒரு தையலில் இரண்டு துணியிலும் போவதால் அது அரைக்கால் (⅛) ஆகிறது. வரிசைக்கு மூன்று துண்டு, இரண்டு தையல், புளோக் 12¼-ல் நின்றுவிடும். அக்கா சொல்லித்தந்த சோதனையைத் தைக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்: ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றை நீளவாக்கில் இணைத்து, அயர்ன் போட்டு அளக்க வேண்டும். மொத்தம் 3½, நடுப்பட்டை 1 அங்குலம். குறைந்தால் ஊசியை ஒரு படி வலப்பக்கம் நகர்த்துங்கள். தையல் மடியும் இடத்திலும் கொஞ்சம் துணி போவதால், கால் அங்குலத்துக்கு ஒரு நூல் உள்ளடங்கியே தைக்கச் சொன்னார். தச்சர் கணக்கு நூல் (அரைக்கால் அங்குலம்) இல்லை, நிஜமான நூலிழை!

அடுத்து, எங்கள் அளவுத்தாளில் பிழை கண்டுபிடித்த தங்கைக்கு. நட்சத்திர முனைகளுக்கான சின்னச் சதுரத்தை 3½ என்று அச்சடித்துவிட்டோம். சரியான அளவு 3⅞, அதாவது மூன்றே முக்காலே அரைக்கால். பிழைத்தாளை வைத்து வெட்டியிருந்தால் நட்சத்திர முனை ஒன்றுகூடத் தேறியிருக்காது. திருத்திய கணக்கு இதோ. பின்னணித் துணியில் 7¼ சதுரம் ஒன்று, மூலைக்கு 3½ சதுரம் நான்கு. நட்சத்திரத் துணியில் நடுவுக்கு 6½ ஒன்று, முனைகளுக்கு 3⅞ நான்கு. பெரிய (7¼) சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் சின்னது (3⅞) இரண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கக் கவிழ்த்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் விட்டுத் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு துண்டு. சின்னத் துணியின் பக்கம் தையலைச் சாய்த்து, இரண்டிலும் மிச்சமுள்ள மூலையில் இன்னொரு சின்னச் சதுரம் வைத்து அதே வேலை. நான்கு ‘பறக்கும் வாத்து’ (நடுவில் பெரிய முக்கோணம், இருபுறமும் சின்ன முக்கோணம் உள்ள செவ்வகம்) கிடைக்கும், துணி வீணாகாது. 3½-க்கு 6½ ஆகச் சீவும்போது முக்கோண நுனிக்கு மேலே கால் அங்குலம் மிஞ்ச வேண்டும். அதைச் சீவிவிட்டால் நட்சத்திரம் மொண்ணைதான்.

அயர்ன் பாக்ஸ் கொண்டுவந்த ஆண்ட்டிக்குத் தனி நன்றி, அதைவிட அவருடைய அதட்டலுக்கு. “இழுக்காதே, வை, எடு!” சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுத்தால் குறுக்கு வெட்டு விளிம்பு நீண்டு வாத்து கோணிப்போகும். ஆவி பட்டால் இன்னும் மோசம். துண்டுகளை மூன்று வரிசையாகச் சேர்க்கும்போது, மூலைச் சதுரம் உள்ள வரிசைகளில் தையலை மூலைப் பக்கமும், நடுவரிசையில் நடுச்சதுரத்தின் பக்கமும் சாய்க்கச் சொன்னதும் அவரே. மடிப்புகள் எதிரெதிராக அமைந்து ஒன்றோடொன்று கச்சிதமாக உட்கார்ந்துவிடுகின்றன, குண்டூசிகூட அதிகம் தேவைப்படவில்லை.

பழைய வேட்டிகளைப் பின்னணிக்குத் தந்த அண்ணன்மாரே, உங்கள் வேட்டியில் நெசவு தளர்வு, வெட்டும்போதே நெளியும். கஞ்சி போட்டு மொரமொரப்பாக்கிய பிறகுதான் கத்தரி வைத்தோம். அரபுத் தெருவில் அலைந்து பாத்திக் துண்டுகள் சேர்த்தவர்களுக்கும் நன்றி. பாத்திக் நெருக்கமான துணி, 75/11 அளவுக் கூர் ஊசி போதும். சிவப்பும் கருநீலமும் மட்டும் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஒன்று விட்டது. யாருடையது என்று சொல்லப்போவதில்லை.

புளோக்கில் பெயர் தைக்கலாம் என்ற யோசனை தந்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1942-ல் ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்கள், ஆளுக்கொரு சதுரத்தில் பூவேலை செய்து, பெயரையும் தைத்து, போர்வைக்கு 66 சதுரங்களாகச் சேர்த்துப் போர்வைகள் செய்தார்கள். அவற்றில் இரண்டு இன்று கேன்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. நம் ஊரில் நடந்த இதைப் பலரும் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். பெயரை ஓரத்திலிருந்து முக்கால் அங்குலமாவது உள்ளே தள்ளித் தையுங்கள், இல்லாவிட்டால் முதல் எழுத்து தையலுக்குள் போய்விடும்.

கட்டிங் மேட் இரவல் தந்த தம்பி, அது மன்றத்திலேயே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காரில் விட்டுவிட வேண்டாம். நம் ஊர் வெயிலில் வளைந்துபோகும், திரும்ப நிமிராது.

அன்புடன்,
மாதக் கூட்டுத்தையல் ஏற்பாட்டாளர்கள்